பதினெட்டாம் நம்பர் வயர்

எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், அதுவும் நாகர்கோவிலுக்குத் தெற்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில். கம்பெனி மலருக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று ஆபீசிலிருந்து அஞ்சு போன் செய்தபோது, எனக்கு என்ன தெரியும் மக்களே என்றுதான் சொன்னேன். அவள் விடவில்லை. "இப்ப வர்ற பிள்ளைங்களுக்கு வயர்னாலே பிடிக்காது அம்மச்சி, எல்லாம் வைஃபை. நீங்க பண்ணின பணி என்னன்னு அவங்களுக்குத் தெரியண்டாமா?" என்றாள். அதனால் எழுதுகிறேன். முன்னும் பின்னுமாக வரும். சில பெயர் மறந்துவிட்டது. சில பெயரை நானே விட்டிருக்கிறேன். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது சுவர் வெட்டத்தான். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் ஹோட்டலில் மாஸ்டர். நான் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போவேன். தம்பானூர்ப் பக்கம் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வயர் போக சுவரில் வாய்க்கால் மாதிரி வெட்டச் சொன்னார்கள். வெட்டி முடித்ததும், மேலே பொய்க்கூரைக்குள் ஏறி வயரை இழுக்க ஒல்லியான ஆள் வேண்டும் என்றார்கள். அங்கே என்னைவிட ஒல்லி யாரும் இல்லை. ஏறினேன். இறங்க இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் கறுப்பு வயர், பென்சில் தடிமன். ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் பூக்கோத்த மாதிரி போகும். நடுவில் ஒருத்தர் காலால் இடறினால் வரிசை முழுக்க நின்றுபோகும். கடைசி மேஜையில் விரல்நுனி அளவு ஒரு மூடி உண்டு; அது இல்லாவிட்டாலும் நிற்கும். ஒரு ஆபீசில் அந்த மூடியைத் தேடி இன்ஜினியர்கள் காலை முழுக்க அலைந்தார்கள். நான் போய்க் குப்பைக் கூடையில் கைவிட்டு எடுத்தேன். தூத்து வாருகிறவள் எதைக் குப்பை என்று நினைப்பாள் என்பது எனக்குத் தெரியுமே.

பிறகு எட்டு இழை வயர் வந்தது. ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன். இந்த வரிசையில் நுனியை அடுக்கி, பிளக்கில் நுழைத்து, இடுக்கியால் ஒரே அழுத்து. இங்கிலீஷ் எழுத்தும் எண்ணும் நான் படித்தது வயரில் ஒட்டுகிற சீட்டுகளில்தான்.

எங்களுக்கு மேலே ஜோசப் சார் இருந்தார். அவரைப்பற்றி விவரமாகச் சொல்லவேண்டும். மெலிந்த ஆள், அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனா மாதிரி ஒரு டார்ச். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு கோபம்.

அவர் வைத்த முறை ஒன்று உண்டு. வயர்கள் எல்லாம் வந்து சேருகிற இரும்பு அலமாரிக்கு ராக் என்று பெயர். அதில் ஒரு வயரைக்கூட ஒற்றை ஆளாகக் குத்தவோ பிடுங்கவோ கூடாது. ஒருத்தர் வயரை விரலால் தொட்டு அதன் நம்பரைச் சொல்லவேண்டும். இன்னொருத்தர் அதே நம்பரைத் திருப்பிச் சொல்லி, லிஸ்டில் பார்த்து, சரி என்ற பிறகுதான் கை அசைய வேண்டும். வேலை முடிந்ததும் முதலிலிருந்து கடைசிவரை ஒருதரம் தொட்டுச் சொல்லவேண்டும். நடுநடுவே சார் கேட்பார்: "கண்டதோ, தோணியதோ?" நீ கண்ணால் பார்த்துச் சொல்கிறாயா, அப்படித்தான் இருக்கும் என்று தோன்றிச் சொல்கிறாயா என்று அர்த்தம். ஒரு புதுப் பையன், "சார், போன மாசம் இப்படித்தானே இருந்தது" என்று சொல்லிவிட்டான். சார் கண்ணாடியைத் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்திருக்கும்.

வயர் இல்லாத இணைப்பை நான் முதலில் பார்த்தது பொன்முடியில். ஒரு தேயிலை எஸ்டேட்டில் ஆபீஸ் மேலே, பாக்டரி சரிவில் கீழே. கம்பம் நட்டு வயர் கொண்டுபோயிருந்தார்கள். துலாம் மாதத்து, அதாவது நம் ஐப்பசி, இடி ஒன்று விழுந்தால் இரண்டு பக்கப் பெட்டியும் கருகிப்போகும். சார் கம்பத்தைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, இரண்டு கூரையிலும் ஆளுக்கொரு தட்டு மாதிரி ஆன்டெனா வைத்தார். நான் கூரையில் உட்கார்ந்து தட்டை ஒரு நூல் இப்படி, ஒரு நூல் அப்படித் திருப்பவேண்டும். கீழேயிருந்து ஒருவன் சிக்னல் கிடைத்து விசிலடித்தால் நிறுத்தவேண்டும். நடுவில் ஒரு சில்வர் ஓக் கிளை நின்றது. அதை வெட்டும்வரை விசில் வரவே இல்லை.

அன்றைக்கு நான் மனசில் ஒன்று எழுதிக்கொண்டேன். வயர் இல்லாத பெட்டிக்கு எதிரே எதுவும் இருக்கக்கூடாது, ஒரு கிளை இருந்தாலே போய்ச் சேராது என்று. யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கவில்லை. கேட்க வெட்கம். பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; இப்போதும் அப்படித்தான்.

இனி அந்தப் பயிற்சி நிலையத்து விஷயம். இரண்டாயிரம் பிறந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். நர்சிங் படிக்கும் பெண்பிள்ளைகளுக்கான தனியார் நிலையம், பெயர் வேண்டாம். ஒரே வளாகத்தில் ஆபீசும் விடுதியும், நடுவில் ஒரு மதில். அங்கே நெட்வொர்க் போட்டது நாங்கள். ராக் இருந்தது மாடிப்படிக்கு மேலே ஒரு பொந்தில். ஏணி வைத்து ஏறவேண்டும், நிமிர முடியாது. அதனால் அது என் இடம். மாதம் ஒருமுறை போய்த் தூசி துடைத்து, விளக்கு எரிவதைப் பார்த்து வருவேன்.

ஒருநாள் நான் தனியாகப் போயிருந்தபோது வைஸ் பிரின்சிபால் சார் ஏணிக்குக் கீழே வந்து நின்றார். கையில் ஒரு வெள்ளைப் பெட்டி, இரண்டு கொம்போடு.

"சேச்சி, ஒரு உபகாரம் செய்யணும். என் அளியன் துபாயிலேர்ந்து கொண்டுவந்தது. இது வெச்சா லாப்டாப்பை மடியில வெச்சே வேலை செய்யலாமாம். எனக்கு நடுவலி, அந்த மேஜையில இருக்க முடியல."

அளியன் என்றால் மச்சினன். இடுப்புவலி அவருக்கு மெய்தான். கையை இடுப்பில் ஊன்றித்தான் நடப்பார்.

"சார்கிட்ட ஒரு வார்த்தை..." என்றேன்.

"இதுக்கெல்லாம் ஜோசப்பை விளிக்கணுமா? என் ரூம்ல ஒரு வயர் சும்மாதானே கிடக்குது. சேச்சிக்கு அறியாத வேலையா?"

அவர் அறைக்குப் பதினேழு, பதினெட்டு என்று இரண்டு வயர் விட்டிருந்தோம். பதினேழில் கம்ப்யூட்டர். பதினெட்டு காலி. ராக்கில் ஒரு குட்டை வயரைக் குத்தினால் அதற்கும் உயிர் வரும். ஒரு வைஸ் பிரின்சிபால், சேச்சி என்று அழைத்து, உனக்குத் தெரியாத வேலையா என்று கேட்டால் என்னைப் போன்றவள் என்ன செய்வாள். மறுக்க வாய் வரவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. நாலு சுவருக்குள் இருக்கிற பெட்டிதானே, கிளையைத் தாண்டாதது சுவரைத் தாண்டுமா என்று நினைத்துக்கொண்டு குத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. இரண்டாவது ஆள் இல்லை, தொட்டுச் சொல்லவில்லை, லிஸ்டில் ஏற்றவும் இல்லை. சாரிடம் அடுத்த நாள் சொல்லலாம் என்றிருந்தேன். அடுத்த நாள் சொல்லவில்லை. பிறகு சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து சாருக்கு அங்கிருந்து போன் வந்தது. பரீட்சைக் கேள்வித்தாள் முன்கூட்டியே விடுதியில் சுற்றியிருக்கிறது. சனிக்கிழமை டைப் செய்த தாள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கையில். சனிக்கிழமை ஆபீசில் மற்ற எல்லா அறையும் பூட்டு. திறந்திருந்தது டைப் அறை மட்டும். அங்கே இருந்தது சுனிதா மட்டும்.

சுனிதா எங்கள் ஊர்ப்பக்கத்துக் குடும்பம். இங்கே ஸ்ரீவராகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தார்கள். அப்பாவுக்கு உடம்பு முடியாது, வீட்டை நடத்தினது இவள் வேலைதான். நான் போகும்போதெல்லாம் தமிழ் பேச ஆள் கிடைத்தது என்று ஓடிவருவாள். கேள்வித்தாள் வெளியே கொடுத்தவள் என்று ஒருதரம் பெயர் வந்துவிட்டால் இந்த ஊரில் எந்த ஆபீசும் அவளைக் கீபோர்டு முன்னால் உட்காரவிடாது.

நாங்கள் போனபோது சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அவளை வராந்தா பெஞ்சில் உட்கார்த்தியிருந்தார்கள். பிரின்சிபால் மேடம் சாரிடம் சொன்னது இதுதான்: "வெளியிலேர்ந்து கம்ப்யூட்டர் வழியா ஆராவது உள்ளே வந்திருக்க முடியுமா? முடியாதுன்னா எழுதித் தரணும். பிறகு நான் செய்ய வேண்டியதைச் செய்யறேன்."

சார் அன்று முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பார்த்தார். சுனிதாவின் போல்டர் திறந்து கிடந்தது. பூட்டு இல்லை. பிரின்ட் எடுக்கிற அறைக்கு வசதி என்று ஆபீசிலேயே அப்படி வைக்கச் சொன்னதாம். "திறந்து கிடக்கிறது தப்பு. ஆனா உள்ளே இருக்கிற வயர்ல வந்தவனுக்குத்தானே அது திறக்கும்" என்று சார் தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்குப் பதினெட்டு ஞாபகம் வந்தது. ஞாபகம் வரவில்லை என்று இங்கே எழுதினால் பொய். அது சுவருக்குள் இருக்கிற பெட்டி, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, சொன்னால் முறை தவறியதற்கு ஏச்சுத்தான் மிச்சம் என்று என்னையே சமாதானப்படுத்தினேன்.

சாயங்காலம் பெஞ்சில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண் சிவந்திருந்தது, அழவில்லை.

"அக்கா, வயரெல்லாம் பாத்தாச்சா?"

"பாத்துக்கிட்டிருக்காரு."

"யாராச்சும் வந்திருக்க வழி ஏதாவது இருக்கா? சும்மா சொல்லுங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்."

"ஒண்ணுமில்ல மக்களே. எல்லாம் சரியா இருக்கு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "அப்ப நான்தான் போலிருக்கு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் அன்றைக்கு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டுக் கைகழுவ மதிலோரக் குழாய்க்குப் போனேன். விடுதிப் பக்கத்துப் படியில் ஒரு பிள்ளை மடியில் லாப்டாப் வைத்து எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். காதில் மட்டும் வயர். கம்ப்யூட்டரில் ஒரு வயரும் இல்லை.

"இதுக்கு வயர் எங்க மோளே?" என்று கேட்டேன்.

"வயர் வேண்டா அம்மச்சி. இந்தப் படியில இருந்தா கிட்டும், அந்தப் படியில கிட்டாது" என்றாள். எங்கேயிருந்து என்று கேட்டதற்கு, மதிலுக்கு மேலே தெரிந்த ஜன்னலைக் கைகாட்டினாள். வைஸ் பிரின்சிபால் அறை ஜன்னல். "பாஸ்வேர்டுகூட இல்ல, பாவம்" என்று மறுபடி சிரித்தாள். அவளுக்கு அது குழாய்த் தண்ணீர் மாதிரி.

என் கை ஈரமாகவே இருந்தது. நடுவில் ஒரு சுவர், ஒரு முருங்கை, ஒரு மதில். எல்லாம் தாண்டி வந்திருக்கிறது. பொன்முடியில் நான் படித்த பாடம் ரொம்பத் தூரத்துக்கானது. இது பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி, நாலு பக்கமும் கேட்கும். அதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கவேண்டும்.

மூன்று மணிக்கு சார் அறிக்கை எழுதி முடித்துவிட்டார். கையெழுத்துக்கு முன்னால் ராக்கை ஒருதரம் தொட்டுச் சொல்லவேண்டும். ஏணியில் ஏறினேன். சார் கீழே லிஸ்டோடு நின்றார். பக்கத்தில் பிரின்சிபால் மேடமும் வைஸ் பிரின்சிபால் சாரும்.

"ஒண்ணு" என்றேன். "ஒண்ணு" என்றார். ரெண்டு. மூணு. பதினேழுவரை ஒரே தாளத்தில் வந்தோம்.

பதினெட்டில் பச்சை விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அந்தப் பிள்ளை இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். என் விரல் குட்டை வயரின் மேல் இருந்தது. பொந்துக்குள் நான் என்ன செய்கிறேன் என்று கீழேயிருந்து தெரியாது. பிளக்கின் சின்ன நாக்கை அழுத்தி இழுத்தால் வந்துவிடும். மடியில் போட்டுக்கொண்டு, காலி என்று சொன்னால் லிஸ்டோடு பொருந்தும். என் வேலை நிலைக்கும், சாரின் பெயர் நிலைக்கும், கம்பெனியின் பெயரும் நிலைக்கும். பெஞ்சில் இருக்கிறவள் மட்டும் வீட்டுக்குப் போவாள்.

"பதினெட்டு, காலி" என்று சாரே வாசித்தார். நான் திருப்பிச் சொல்லவில்லை. "கண்டதோ, தோணியதோ, இசக்கிச் சேச்சி?"

"காலி இல்ல சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "காலி இல்ல. எரியுது. நான்தான் குத்தினேன். ரெண்டு மாசமாச்சு. மதிலுக்கு அந்தப் பக்கம் விடுதியில வருது, பாத்துட்டு வந்தேன்."

சார் கண்ணாடியைத் துடைக்கிறாரா என்று குனிந்து பார்க்கத் தைரியமில்லை. பிறகு அவர் குரல் வந்தது. "பிடுங்கண்டா. அப்படியே இருக்கட்டும். பத்தொன்பது சொல்லுங்க."

இருபத்துநாலுவரை சொல்லி முடித்த பிறகுதான் இறங்கவிட்டார்.

பிறகு சார் தன் லாப்டாப்பைத் திறந்து கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். நாங்கள் பின்னால். திரையில் அந்தப் பெட்டியின் பெயர், பக்கத்தில் ஐந்து கோடு. வராந்தாவில் ஐந்து. படிக்கட்டில் நாலு. குழாயடியில் மூன்று. மதிலைச் சுற்றி விடுதிப் படிக்குப் போனால் அங்கேயும் இரண்டு. அந்தப் படியில் உட்கார்ந்து சார் இரண்டு மூன்று தட்டுத் தட்டினார். சுனிதாவின் போல்டர் திறந்தது. அடுத்த வாரக் கேள்வித்தாளும் அதில் இருந்தது. பிரின்சிபால் மேடம் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு எங்க பக்கத்தில" என்றார் சார். "எங்க லிஸ்ட் தப்பு." என் பெயரைச் சொல்லவில்லை.

வைஸ் பிரின்சிபால் சார்தான் முன்னால் வந்தார். "இல்ல மேடம், ஞான் சொல்லித்தான் சேச்சி செஞ்சது. சேச்சி ஜோசப்பை விளிக்கணும்னு சொன்னாங்க, ஞான்தான் கேக்கல. இது இத்தனை தூரம் போகும்னு ஆருக்குத் தெரியும்? என் நடு ஒடிஞ்சாலும் சரி, இந்தச் சாதனம் இனி வேண்டாம்." நல்ல மனுஷர். அவருக்கும் எனக்கும் தப்பு ஒன்றேதான்.

சார் பெட்டியைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. வேண்டியதை வேண்டாம் என்றால் நாளைக்கு வேறொருவர் ஒளித்து வைப்பார் என்பார். பெட்டியின் செட்டிங்கைத் திறக்க அதோடு வந்த பாஸ்வேர்டை மாற்றினார். வயரில்லாத இணைப்புக்குப் போடுகிற பூட்டில் பழைய வகை, புதிய வகை இரண்டு உண்டு. பழையதைப் பிள்ளைகளே திறந்துவிடும் என்று புதியதைப் போட்டார். அந்தப் பெட்டியில் வருகிறவர்கள் இன்டர்நெட்டுக்கு மட்டும் போகலாம், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் பக்கம் வரமுடியாதபடி பிரித்தார். போல்டரை யார் யார் திறக்கலாம் என்று பெயர் சொல்லி வைத்தார். ராக்கில் காலியாக இருந்த ஓட்டைகளையெல்லாம் உள்ளேயே அணைத்துவைத்தார். இனி யார் குத்தினாலும் விளக்கு எரியாது. இன்று புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் இதைத்தான் சொல்வேன். வயர் போனாலும் இந்த வேலை போகவில்லை.

மேடம் வராந்தாவுக்குப் போய்ச் சுனிதாவின் கையில் சாவியைக் கொடுத்தார். "நாளெ முதல் வந்தா மதி" என்றார்; நாளையிலிருந்து வந்தால் போதும் என்று.

"நாளைக்கு எதுக்கு மேடம், இப்பவே போறேன். புதுப் பேப்பர் டைப் பண்ணணும்லா" என்று எழுந்துபோனாள். போகிற போக்கில் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

என்னை வேலையைவிட்டு நிறுத்துவார் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் சார் லிஸ்டையும் பேனாவையும் நீட்டினார். அதுவரை நான் சொல்வேன், அவர் எழுதுவார். "பதினெட்டுக்கு நேரே நீங்களே எழுதணும். தமிழ்ல மதி." ஆட்டோ குலுங்கலில் கோணலாக எழுதினேன். அன்றிலிருந்து நான் குத்திய ஒவ்வொரு வயரும் என் கையெழுத்திலேயே ஏறியது. தெரியாததைக் கேட்கவும் பழகினேன். வெட்கப்பட்டுக்கொண்டேதான் கேட்பேன், ஆனால் கேட்பேன்.

அஞ்சு, நிறம் அடுக்கும் வரிசையை விரல் ஞாபகத்தில் எழுதியிருக்கிறேன். யாராவது ஒரு பிளக்கைப் பார்த்துச் சரிபார்க்கட்டும். பொன்முடியில் வெட்டியது சில்வர் ஓக்தானா என்று ஜோசப் சாரிடம் கேட்கலாம்; அவர் மகள் வீட்டு நம்பர் ஆபீசில் இருக்கும். அந்த நிலையத்தைப்பற்றி எழுதியது சரியா என்று சுனிதாவுக்குத்தான் தெரியும். இப்போது அங்கே ஆபீஸ் முழுக்க அவள் பொறுப்பு. பார்க்கும்போதெல்லாம், அன்னிக்கு நீங்க சொல்லலேன்னா நான் என்ன ஆயிருப்பேன் அக்கா என்பாள். ஏணியில் நின்றபோதுதான் எனக்கு ஞாபகம் வந்தது என்று அவள் நினைப்பு. நான் இத்தனை வருஷமும் திருத்தவில்லை. ஆகையால் இந்தக் காகிதத்தை அச்சுக்குக் கொடுக்கவேண்டாம், என்னிடமே திருப்பி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நானே அவள் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். பெஞ்சில் நாங்கள் பேசிய இடத்தை அவள் படித்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு போடுங்கள்.